அவள் வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள்

புதன்கிழமை பதினொரு மணி டீ மேசைக்கு வந்து ஆடை கட்டிக்கொண்டிருந்தது. பொருளார் அதைத் தொடவில்லை. கையிலிருந்த புரூஃப் தாளில் ஒரே வரியை நான்காவது தடவையாகப் படித்தார். நான்காவது தடவையும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அவள் வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள்."

இவ்வளவுதான் அந்த வரி. இதைப் படித்து ஒரு மனிதனுக்கு வியர்க்குமா என்று கேட்பீர்கள். வியர்த்தது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அவர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன்.

டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலத் தமிழ் அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் மூன்று கட்டம்: பொருள், சொல் எங்கிருந்து வந்தது என்கிற பிறப்பு, பயன்பாடு. முதல் இரண்டும் இவர் வேலை. இருபது வருஷமாக இதையே செய்வதால் எல்லோருக்கும் அவர் பொருளார். "கையில பொருள் இல்லாத பொருளார்" என்று பக்கம் கிண்டல் செய்வார். பக்கம் என்பவர் அடுத்த அறையில் கணினியில் அச்சுக்குப் பக்கம் கட்டுகிறவர். "பக்கம் ரெடி, பக்கம் ரெடி" என்று நாள் முழுக்கக் கத்திக் கத்தி அதுவே பெயராகிவிட்டது.

மூன்றாவது கட்டத்துக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவது மூன்றாவது அறையில் இருக்கும் பொருளாரின் மனைவி. கணவனும் மனைவியும் காலையில் ஒரே பஸ்ஸில் வந்து, தனித்தனி அறையில் உட்கார்ந்து, சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். மனைவியின் வாக்கியங்களுக்கு ஒரு தனி மவுசு இருந்தது. பூனை பாலைக் குடித்தது, பையன் பந்தை எறிந்தான் என்கிற ரகமெல்லாம் அவளிடம் கிடையாது. வீட்டில் மனுஷர்கள் வாயைத் திறந்தால் என்ன வருமோ அதுதான் வரும். மேலே ஆங்கிலத்தில், கீழே தமிழில். பக்கம் சில சமயம் வேலையை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாள் புரூஃப் ஆகி வந்துவிட்டால் பொருளார் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதில் லேசில் கை வைக்க முடியாது. மாற்ற வேண்டும் என்றால் சிவப்பு மையில் மாற்றி, ஓரத்தில் காரணம் எழுதி, கணவன் மனைவி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி போட்ட சட்டம் அது. ஆளாளுக்கு இஷ்டத்துக்கு மாற்றியதில் 'பி' எழுத்தை மூன்று தடவை அச்சடித்தவர் அவர்.

இப்போது வந்திருப்பது 'எல்'. சொல், லீவ்.

நம் ஆட்களுக்கு லீவ் என்றால் வேலைக்கு மட்டம் போடுவது. அகராதிக்காரனுக்கு அந்தச் சுகம் இல்லை. விடுப்பு என்று பொருள்படும் அந்தப் பெயர்ச்சொல் வேறு வீட்டுப் பிள்ளை. முகஜாடை மட்டும் ஒன்று. வினைச்சொல்லான லீவ் இருக்கிறதே, அது பெரிய குடும்பம். கிளம்பு. விட்டுச் செல். மிச்சம் வை. மறந்து வைத்துவிட்டு வா. பொறுப்பை ஒப்படை. சொத்தை எழுதி வை. கைவிடு. இத்தனையையும் பொருளார்தான் வரிசைப்படுத்தி எழுதியிருந்தார். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அதே தாளில், அவருடைய ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மனைவியின் வாக்கியங்கள் வந்து உட்கார்ந்திருந்தன.

கிளம்பு: அவள் வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள்.

மறந்து வைத்துவிட்டு வா: அவன் வழக்கம்போல் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தான்.

ஒப்படை: "என்னிடம் விடு" என்றான், அதோடு சரி.

கைவிடு: இனி அவனைத் திருத்த முடியாது என்று விட்டுவிட்டாள்.

போன மாதம் குடையை பஸ்ஸில் விட்டது யார்? பொருளார். எதற்கெடுத்தாலும் "என்கிட்ட விடு" என்று சொல்வது யார்? பொருளார். அப்படியானால் வெள்ளிக்கிழமை கிளம்புவது யார்?

"பொருளாரே, எல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணுமாம், முதலாளி ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்!" என்று பக்கம் அடுத்த அறையிலிருந்து கத்தினார். அந்தக் கிழமையைக் கேட்டதும் பொருளார் உட்கார்ந்த இடத்தில் துள்ளினார்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். பொருளார் மடியில் நான்கு மாதமாக ஒரு கனம் இருந்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். வீட்டுப் போன் அடித்தது. இரவு ரயிலில் ஏறினால் காலையில் போய்ச் சேரும் ஓர் ஊரிலிருந்து, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்து அம்மா ஒருவர் பேசினார். குழந்தைகளுக்குப் புதிதாக ஒரு அகராதி செய்யப்போகிறார்களாம். உங்கள் வீட்டம்மா எழுதிய வாக்கியங்களைப் பார்த்தோம், இப்படி ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம், அவரே தலைமை ஏற்று நடத்த வேண்டும், கீழே ஆறு பேர் வேலை செய்வார்கள் என்றார்.

பொருளார் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அவங்களுக்கு இப்ப சௌகரியப்படாதுங்க" என்றார்.

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. மனைவி போய்விட்டால் தன் துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிடக் கேவலமான காரணம் ஒன்று உண்டு. இருபது வருஷமாகச் சொல்லுக்குச் சொல் வேர் தோண்டுகிறவர் அவர், கூப்பிட்டது அவளை. பொறாமை. வேறு பெயரெல்லாம் அதற்கு வேண்டாம். அந்தம்மா விடாமல் போன் நம்பர் கொடுத்தார். பொருளார் அதை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் அகராதி வேலை பார்க்கிறவனுக்குச் சீட்டைக் கிழிக்கக் கை வராது. மறுநாள் ஆபீசுக்குக் கொண்டுவந்து 'எக்ஸ்' டிராயரில் போட்டார். எக்ஸில் இருப்பதே பத்துப் பதினைந்து சொல். அதைத் திறக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

அன்று பிடித்தது சனி. அடுத்த வாரமே 'ஹெச்' எழுத்து புரூஃபுக்கு வந்தது. ஹைட் என்ற சொல்லுக்கு எதிரே, "ஏன் என்னிடம் மறைத்தாய்?" என்று இருந்தது. பொருளாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஜே' வந்தது. ஜெலஸ்: "மனைவி முன்னேறினால் அவனுக்குப் பொறுக்காது." 'கே' வந்தது. கீப்: "எத்தனை நாள்தான் மனதிலேயே வைத்திருப்பாய்?" தப்பு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பலாம் என்றால் ஒரு கமாகூடப் பிசகாமல் இருந்தது. வியர்க்க வியர்க்க எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது, வாயால் கேட்காமல் அகராதியில் கேட்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார். அதன்பிறகு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டில் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்தார். "ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவள் கேட்டால், இதிலும் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று பயந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி சமையலறைக்குப் போனாள். பக்கத்து வீட்டில் வழக்கம்போல் சண்டை ஆரம்பித்திருந்தது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஆயுசு நூறு என்று சொல்லலாம். அந்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்குத்தான் ஓய்வார்கள். பொருளார் எப்போதும் போல் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார். சமையலறையில் மனைவி அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு, சுவரோரம் நின்று குட்டி நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். மளிகைக் கணக்காக இருக்கும் என்று அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவர் கவலை வேறு. பூனை மாதிரி படுக்கையறைக்குள் போனார். அலமாரியைத் திறந்து பார்த்தார்; அவளுடைய துணி குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே! பிறகு அண்ணாந்து அலமாரியின் தலையைப் பார்த்தார். அங்கே பத்து வருஷமாக உட்கார்ந்திருந்த நீலப் பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு நீள்சதுரம் மட்டும் பளபளவென்று இருந்தது.

பொருளார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பெட்டி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கத் தைரியம் வரவில்லை. சாப்பிடும்போது மோரை ஊற்ற வேண்டிய இடத்தில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தார். "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள் மனைவி. "பசி" என்றார்.

வியாழக்கிழமை காலையில் பஸ்ஸில் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். அவரிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. லீவ் என்ற சொல்லின் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் போவதைக் குறிக்கவே இல்லை. இருக்க விடுவது, தங்க வைப்பது, பின்னால் வருகிறவர்களுக்கு மிச்சம் வைப்பது, அதுதான் அதன் பொருள். இன்னும் தோண்டினால் ஒட்டிக்கொள்வது என்ற வேர் வருகிறது. ஒருவரை ஓரிடத்தில் இருக்க விட்டால் விட்டவர் நகர்ந்துதானே ஆக வேண்டும்? அப்படித்தான் காலப்போக்கில் கிளம்புவது என்ற பொருள் வந்து தொற்றிக்கொண்டது. இதை எடுத்துச் சொன்னால் அவள் மனசு இளகும் என்று நம்பினார். பாவம், வேறு எதை நம்புவார்? அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஆபீசில் உட்கார முடியவில்லை. ஜன்னல்வரை நடந்தார், திரும்பினார். கீழே டயர் கடைக்காரர் ஒவ்வொரு டயராகக் காற்றடித்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டும் இவர் மண்டையில் விழுந்தது. பேனாவைக் கழற்றினார், மூடினார். மூன்று தடவை தண்ணீர் குடித்தார். பக்கம் எட்டிப் பார்த்து, "என்ன பொருளாரே, குட்டி போட்ட பூனை மாதிரி அலையறீங்க? அந்தத் தாள்ல ஒரு கையெழுத்தைப் போட்டா நான் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன்" என்றார்.

கையெழுத்தா? அந்த வரியிலா? போட்டால் 'போ' என்று தானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகாதா?

பன்னிரண்டு மணிக்குத் தாளை எடுத்துக்கொண்டு மூன்றாவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மனைவி 'எம்' எழுத்துக்கு வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தக் குட்டி நோட்டு திறந்து கிடந்தது.

தாளில் அந்த வரியைக் காட்டி, "வெள்ளிக்கிழமை போக வேண்டாம்மா" என்றார் பொருளார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார்.

அவள் நிமிர்ந்தாள். "ஏன், அவங்க போனா உங்களுக்கென்ன?"

யாரையோ சொல்வது போல் சொல்கிறாள், அவ்வளவு தூரம் விலகிவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்தாற்போல் அணை உடைந்தது. "நான் பண்ணது தப்புதான். அந்த போனை நான்தான் எடுத்தேன். நீ குளிச்சிக்கிட்டிருந்தே. உன்னைக் கேட்காமலே சௌகரியப்படாதுன்னு சொல்லிட்டேன்."

"எந்த போனை?"

"குத்திக் காட்டாதே. நாலு மாசமா குத்தினது போதும். அந்த டிரெயினிங் நிறுவனத்து அம்மா. உன்னைத் தலைமையா வரச்சொல்லி. ஆறு பேர் உனக்குக் கீழே. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயந்துட்டேன். அது மட்டும் இல்லை. உன்னைக் கூப்பிட்டாங்களே, என்னைக் கூப்பிடலையேன்னு எரிச்சல். நீ ஜேல எழுதினியே, அது சரிதான். ஹெச்ல கேட்டதும் சரிதான். எல்லாத்திலயும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், பாரு."

மனைவி பேனாவை மேசையில் வைத்தாள். அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஒன்றுமே புரியாத பார்வை அது. கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டு வந்தது.

"வெள்ளிக்கிழமை கிளம்பறது பக்கத்து வீட்டம்மாங்க" என்றாள் மெல்ல. "அவங்க அக்கா ஊருக்கு. பெட்டி இல்லைன்னாங்க, நம்ம நீலப் பெட்டியைத்தான் இரவல் கொடுத்தேன். இந்த வாக்கியமெல்லாம் அவங்க வீட்டுச் சண்டையில வந்தது. தினம் ஆறு மணிக்குச் சுவரோரம் நின்னு எழுதிக்கறேன். உங்களுக்குத்தான் காதுல பஞ்சாச்சே."

குட்டி நோட்டை அவர் பக்கம் திருப்பிவைத்தாள். மளிகைக் கணக்கு எதுவும் அதில் இல்லை. தேதி போட்டு, அந்த வீட்டுப் புருஷன் சொன்னது ஒரு பக்கம், பெண்டாட்டி சொன்னது ஒரு பக்கம். ஏன் மறைத்தாய். மனைவி முன்னேறினால் பொறுக்காது. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தான். அந்த ஆளும் குடையை விட்டிருக்கிறான், சண்டாளன்!

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை வந்து கத்தச் சொல்லும். பொருளார் மழையே இல்லாமல் கத்திவிட்டு நின்றார்.

"அப்ப... உனக்குத் தெரியாதா?"

"இப்பத்தான் தெரியும்."

அவள் கத்துவாள், அழுவாள், நோட்டைத் தூக்கி வீசுவாள் என்று பொருளார் காத்திருந்தார். பக்கத்து வீட்டில் அப்படித்தானே நடக்கும். அவள் கேட்டது வேறு.

"நம்பர் கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க."

"கிழிச்சிருக்க மாட்டீங்களே. எங்கே?"

"எக்ஸ் டிராயர்ல."

அவள் எழுந்து போனாள். டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. ஆபீஸ் போனில் எண்களைச் சுழற்றும் சத்தம் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. "நாலு மாசம் முன்னாடி பேசினீங்களாம்... இல்லைங்க, எனக்குச் சௌகரியம்தான்... என்கிட்ட யாரும் கேட்கலை, அதான்" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. இன்று பார்த்துக் காதில் பஞ்சு இல்லை.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. "ரெண்டு பேரை வெச்சுப் பார்த்தாங்களாம், சரிப்படலையாம். இன்னும் காலியாத்தான் இருக்கு. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்றாங்க."

பொருளார் கையிலிருந்த கடைசித் துருப்பை இறக்கினார். "இதைக் கொஞ்சம் கேளேன். இந்தச் சொல் இருக்கே, முதல்ல இதுக்குப் போறதுன்னே அர்த்தம் கிடையாது. இருக்க விடறதுதான். வேரைப் பார்த்தா ஒட்டிக்கறதுன்னு..."

"பிறப்பு உங்க வேலை" என்றாள் மனைவி. "பயன்பாடு என் வேலை. அந்தத் தாளைக் கொடுங்க."

கொடுத்தார். அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் வாக்கியத்தில் வெள்ளிக்கிழமை என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே திங்கட்கிழமை என்று எழுதினாள். ஓரத்தில் காரணம் என்ற இடத்தில், "தகவல் மாறிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து எப்போதும் போல் மணிமணியாக இருந்தது.

"இன்னைக்கு வியாழன். சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில ஒரு பெட்டி வாங்கணும்" என்றாள். "உங்க துண்டெல்லாம் ரெண்டாவது தட்டுல, இடது பக்கம் இருக்கு."

பொருளாருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுக் கேட்டார்: "திரும்பி வருவியா?"

அவள் குட்டி நோட்டை மூடிவைத்தாள். கீழே டயர் தட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது.

"ரிடர்ன் ஆர்ல வருது" என்றாள். "நாம இன்னும் 'எல்'லயே நிக்கிறோம். அது வரும்போது யார் வாக்கியம் எழுதறாங்களோ, பார்க்கலாம்."

"பக்கம் ரெடியா இல்லையா?" என்று அடுத்த அறையிலிருந்து கத்தல் வந்தது. மனைவி தாளை அவர் பக்கம் தள்ளி, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். பொருளார் அந்த வாக்கியத்தை மறுபடி படித்தார். எழுத்துப் பிழை இல்லை. பொருட் பிழை இல்லை. அவள் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.